வடசென்னைக்குப் புதிதாக வரும் காவலர்களுக்கு: ஆணை கையில் கிடைத்த நாள் முதல் பணிவரன்முறை (நியமனம் முறைப்படுத்தல்) வரை

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் எப்படி ஓடுவது, கயிறு எப்படி ஏறுவது என்று சொல்லித்தர ஊருக்கு ஊர் அகாடமி இருக்கிறது. தேறிய பிறகு என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, எந்த அலுவலகத்தில் எந்தப் பேப்பரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், உங்களோடு சேருகிற பேட்ச்மேட்டுக்கும் சொல்லுங்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் உங்களைக் காப்பாற்றுவது நேரமும் கையெழுத்தும்தான். எந்தப் பேப்பரைக் கொடுத்தாலும் ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள், எந்த டூட்டிக்குப் போனாலும் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இது பொருந்தும்.

1. ஃபைல் ஒன்று போடுங்கள், இன்றைக்கே

தெளிவான பிளாஸ்டிக் உறைகள் உள்ள ஃபைலாக வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தமிழ் வழியில் படித்த இடஒதுக்கீட்டில் வந்திருந்தால் அதற்கான சான்று, விளையாட்டு ஒதுக்கீடு என்றால் அந்தச் சான்று, நன்னடத்தைச் சான்று, ஆதார், பான் அட்டை, வங்கி பாஸ்புக், தேர்வு வாரியத்தின் ஹால் டிக்கெட், தற்காலிகத் தேர்வுக் கடிதம், மருத்துவத் தகுதிச் சான்று, பணி நியமன ஆணை. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸாவது வையுங்கள். அதில் இரண்டு செட்டை ஊரிலேயே கெஜட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு, யாரையும் தெரியாத ஊரில், அந்த ஒரு கையெழுத்துக்காக அரை நாள் போகும்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு வகை வேண்டும், சாதாரண உடையில் ஒன்று, சீருடையில் ஒன்று. சீருடை போட்டோவை பயிற்சிப் பள்ளியில் இருக்கும்போதே எடுத்து, சாஃப்ட் காப்பியை மெயிலில் போட்டு வையுங்கள்.

எல்லா ஆவணங்களிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் அட்டையில் இனிஷியல் பின்னால், பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால் என்று இருந்தால் சம்பளக் கணக்கு தொடங்குகிற இடத்தில் சிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்துங்கள். இ-சேவை மையத்தில் செலவு பெரிதாக ஆகாது, ஆனால் திருத்தம் வந்து சேர நாள் பிடிக்கும். அதனால் பயிற்சிக்குப் போவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் மேல் எப்போதாவது வழக்கு இருந்திருந்தால், விடுதலை ஆகியிருந்தாலும் சரி, சமரசம் ஆகியிருந்தாலும் சரி, முன்நடத்தை விசாரணைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானதையும் வழக்கில் சம்பந்தப்பட்டதாகத்தான் விதி பார்க்கிறது. அது தனிச் சிக்கல், வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் மறைத்தது தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை.

2. வடசென்னை என்றால் எந்த ஆணையரகம்?

வெளியூரிலிருந்து வருபவர்கள் தடுமாறுகிற முதல் இடம் இதுதான். 2022 ஜனவரியிலிருந்து ஆவடியும் தாம்பரமும் தனித்தனி மாநகரக் காவல் ஆணையரகங்கள். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் இதெல்லாம் சென்னை மாநகரக் காவல். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர், பக்கத்தில் மணலி, மணலி புதுநகர், சாத்தாங்காடு இதெல்லாம் ஆவடி. மாநகராட்சி ஒன்றுதான், தெருவும் ஒன்றாகத்தான் ஓடும், ஆனால் உங்கள் சம்பள பில் போடுகிற அலுவலகம் வேறு, லீவு கேட்கிற அலுவலகம் வேறு. சென்னை என்றால் ஆணையர் அலுவலகம் வேப்பேரியில், மற்றது ஆவடியில். ஆணையில் 'சென்னை' என்று ஒரு சொல் இருப்பதைப் பார்த்து வேப்பேரிக்கு வண்டி ஏறிவிடாதீர்கள், யூனிட்டின் முழுப் பெயரைப் படியுங்கள்.

அப்புறம், பயிற்சி முடித்ததும் நேராக ஸ்டேஷன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு வராதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆயுதப்படைதான் முதல் இடம். சென்னைக்கு என்றால் புதுப்பேட்டை அல்லது பரங்கிமலை. சிறப்புக் காவல் படைக்குத் தேர்வானவர்களுக்குப் பட்டாலியன். அங்கே கார்டு (காவல் நிற்பது), எஸ்கார்ட் (வழிக்காவல்), பந்தோபஸ்து என்று சில காலம் போகும், பிறகு சீனியாரிட்டிப்படி சட்டம் ஒழுங்குக்கு மாற்றுவார்கள். அதற்கு முன்னாலேயே ஆள் பற்றாக்குறையால் ஸ்டேஷனுக்கு அட்டாச் ஆகிறவர்களும் உண்டு. அப்படி அட்டாச் ஆனால் உங்கள் சம்பளமும் லீவுக் கணக்கும் ஆயுதப்படையிலேயே இருக்கும், வேலை மட்டும் ஸ்டேஷனில். மாற்றல் வேறு, அட்டாச் வேறு. கையில் இருப்பது எது என்று ஆணையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. ரிப்போர்ட் செய்யும் நாள்

முற்பகல் சேர்ந்தீர்களா பிற்பகல் சேர்ந்தீர்களா என்பது பணிக்கணக்கில் ஏறும். எனவே காலையிலேயே போய்விடுங்கள். சீருடையில் போங்கள், முடி வெட்டி, ஷூ பாலிஷ் போட்டு. ஸ்டேஷன் என்றால் முதலில் ஆய்வாளரைப் பார்த்து சல்யூட் அடித்து ஆணையைக் கொடுப்பது, பிறகு ரைட்டரிடம், அதாவது ஸ்டேஷன் எழுத்தரிடம், போய் பொது நாட்குறிப்பில், அதாவது ஜிடியில், நீங்கள் சேர்ந்த பதிவைப் போடச் சொல்வது. ஜிடி எண்ணையும் நேரத்தையும் உங்கள் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எப்போதாவது 'இவர் என்றைக்குச் சேர்ந்தார்' என்ற கேள்வி வந்தால் அந்த எண்தான் பேசும்.

பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, சாதி, அங்க அடையாளங்கள் எழுதியபின் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரத்தில் போடாதீர்கள். 'ஐயா, ஒரு நிமிஷம் படிச்சுப் பார்த்துட்டுப் போடுறேன்' என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பிறந்த தேதியில் ஒரு இலக்கம் தவறினாலும் பின்னால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. நாமினி படிவங்களையும் அன்றைக்கே முடியுங்கள். கல்யாணம் ஆகாதவர்கள் அம்மா பெயரையோ அப்பா பெயரையோ போடுவீர்கள், கல்யாணம் ஆனதும் மாற்ற மறந்துவிடுவீர்கள், அதை இப்போதே எங்காவது குறித்து வையுங்கள்.

4. சம்பளம்

அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்கும். அதன் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நகர ஈட்டுப்படி போன்றவை. பிடித்தங்களில் பெரியது ஓய்வூதியப் பங்களிப்பு, அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம். அதற்கு மேல் மருத்துவக் காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி. ஆக, கையில் வருவது நீங்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கும் தொகையைவிடக் குறைவாக இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டுக் கடன் தவணை எதற்கும் தலையாட்டுங்கள்.

யூனிட் மாறும்போது சம்பளம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ தள்ளிப்போவது சகஜம், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய யூனிட்டில் உங்களைப் பேப்பரில் விடுவித்திருப்பார்கள், ஐஎஃப்எச்ஆர்எம்எஸ் என்ற அரசுச் சம்பளக் கணினியில் விடுவித்திருக்க மாட்டார்கள். அங்கே விடுவித்தால்தான் இங்கே சேர்க்க முடியும். எனவே பழைய யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: விடுவிப்பு ஆணையின் நகல், கடைசி ஊதியச் சான்று, கணினியில் விடுவித்தாகிவிட்டது என்ற உறுதி. பணிப்பதிவேடு தபாலில் போகும் என்பார்கள், எந்தத் தேதியில் எந்த எண்ணில் அனுப்பினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் ஒருவருடைய பதிவேடு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தது. அனுப்புகை எண் அவரிடம் இருந்ததால்தான் தேடவே ஆரம்பித்தார்கள்.

'களஞ்சியம்' என்ற அரசு ஊழியர் செயலியை இறக்கி, பே ஸ்லிப்பை மாதாமாதம் பாருங்கள். ஓய்வூதியப் பங்களிப்பு பிடித்திருக்கிறார்களா, உங்கள் எண்ணில்தான் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்காக இருந்தால் அதைச் சம்பளக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். விபத்துக் காப்பீடு அதோடு சேர்ந்து வரும். இரவு ரோந்து போகிற நமக்கு இது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை.

முதல் சம்பளம் வரும் வரை இரண்டு மாதச் செலவுக்கு வீட்டிலிருந்து பணம் எடுத்து வாருங்கள். கந்துக்காரர்களும் ஆப் கடன்காரர்களும் புதுப் போலீஸைத்தான் முதலில் மோப்பம் பிடிக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், முதல் வருடத்தில் போடாதீர்கள்.

5. தங்குவது, போய்வருவது, சாப்பிடுவது

காவலர் குடியிருப்பு உடனே கிடைக்காது, பட்டியல் உண்டு. கொண்டித்தோப்பு போன்ற இடங்களில் பெரிய குடியிருப்புகள் இருக்கின்றன, சேர்ந்த உடனே விண்ணப்பம் போட்டு வையுங்கள், போட்ட தேதியை வைத்துத்தான் உங்கள் இடம். குடியிருப்பில் குடியேறினால் வீட்டு வாடகைப்படி நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தனியாக வீடு பார்ப்பதென்றால் தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பாருங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, பந்தோபஸ்துக்கு நகரத்துக்குள் போக வசதி. வாடகை தெருவுக்குத் தெரு மாறும், நாலைந்து பேட்ச்மேட் சேர்ந்து எடுத்தால் சமாளிக்கலாம். ஆனால் வேறு ஷிப்டில் இருப்பவர்களோடு ஒரே அறையில் சேராதீர்கள், நைட் முடித்துத் தூங்குகிறவரும் பகல் டூட்டிக்காரரும் ஒரே அறையில் இருந்தால் இருவருக்கும் தூக்கம் போகும். நைட் டூட்டி பார்ப்பவர்களாகவே சேருவதும் நடக்காது, டூட்டி மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு அறை உள்ள வீடாகப் பாருங்கள். அக்ரிமென்ட் போடுங்கள். போலீஸ் என்று தெரிந்தால் சில ஓனர்கள் வாடகைக்குத் தரத் தயங்குவார்கள், சிலர் வாடகையே வேண்டாம் என்பார்கள். இரண்டாவது ஆளிடம் போகவே போகாதீர்கள், ஆறே மாதத்தில் ஒரு வேலையோடு வந்து நிற்பார்.

எந்த வீடாக இருந்தாலும் மழைக்கு எப்படி என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமெல்லாம் நல்ல மழைக்குத் தண்ணீர் நிற்கும். ஊரே முங்குகிற நாளில்தான் உங்களுக்கு டூட்டி இருக்கும்.

அரசுப் பேருந்தில் சீருடை போட்டிருந்தாலே டிக்கெட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். டூட்டிக்கான பயண வாரண்டோ துறை தந்த அட்டையோ கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் எடுத்துவிடுங்கள், கண்டக்டரோடு வாக்குவாதம் வேண்டாம். பைக் வைத்திருந்தால் ஹெல்மெட், இன்சூரன்ஸ், ஆர்சி மூன்றும் சரியாக இருக்கட்டும். ஹெல்மெட் இல்லாவிட்டால் மக்களுக்கு 1,000 ரூபாய் அபராதம் எழுதுகிற நாம் அது இல்லாமல் போனால் யாராவது வீடியோ எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், நடுவில் புகுந்து போகவே போகாதீர்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் எழும்பூரில் காவலர் மருத்துவமனை இருக்கிறது. மளிகைக்குப் போலீஸ் கேன்டீன், அதற்கான அட்டைக்கும் சேர்ந்த கையோடு எழுதிக் கொடுங்கள்.

6. ஸ்டேஷனுக்குள்: பாரா, மனுதாரர், பட்டா புத்தகம்

புது ஆளுக்கு முதலில் பாரா, அதாவது ஸ்டேஷன் காவல் டூட்டி, போடுவார்கள். பாரா மாற்றும்போது முன்னால் நின்றவர் 'எல்லாம் சரியா இருக்குப்பா' என்று சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆயுதங்களை எண்ணுங்கள், சாவியைப் பாருங்கள். உள்ளே யாராவது இருந்தால் எத்தனை பேர், எந்த வழக்கு, எப்போது கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள், அவர்களை நேரில் பார்த்து உடம்பில் காயம் இருக்கிறதா, மருந்து ஏதும் சாப்பிடுகிறவரா என்றும் கேளுங்கள். காயம் இருந்தால் உடனே உதவி ஆய்வாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். காவலில் ஒரு உயிர் போனால் நீதித்துறை நடுவர் விசாரணை வரும், அப்போது அந்த நேரத்துப் பாராவில் நின்றவரும் பதில் சொல்ல வேண்டும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்வதற்குத் தனி விதி உண்டு. இதெல்லாம் பயிற்சியில் படித்ததுதான், ஆனால் நள்ளிரவில் ஒரு சீனியர் 'ஒரு தட்டு தட்டுப்பா' என்று சொல்லும்போது ஞாபகம் வரவேண்டும். தட்டாதீர்கள். ஒரு மனிதர் மேல் கை வைக்காமல் இருப்பதற்காக உங்கள் மேல் யாரும் சார்ஜ் கொடுக்க முடியாது.

மனுவோடு வருகிறவர்களைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பாராவும் வரவேற்பு மேசையும்தான். ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள்: காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மா, கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். செல்போன் போய்விட்டது, எழுதத் தெரியாது, பில் இல்லை, வியாபாரம் முடிந்ததும் வந்ததால் மணி பத்தாகிவிட்டது. 'அப்புறம் வாம்மா' என்பது நம் வாயில் சுலபமாக வரும். அவருக்கு அது ஒரு நாள் வியாபாரம். உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், அவர் சொல்வதை நீங்களே எழுதி வாசித்துக் காட்டிக் கைநாட்டோ கையெழுத்தோ வாங்குங்கள், ரைட்டரிடம் கொடுத்து, மனு வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது போடச் சொல்லுங்கள். சிம் கார்டை மாற்றப் போகும் இடத்தில் அந்த ரசீதைக் கேட்கலாம். அண்ணா, அக்கா, யம்மா என்று கூப்பிட்டுப் பேசுங்கள், 'வாடா போடா' வேண்டாம். வியாசர்பாடிப் பையன் என்றால் ரவுடி என்று முடிவு கட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பையன் கால்பந்து ஆடுகிறவனாக, கேரம் ஆடுகிறவனாக, உங்களைப் போலவே சீருடைத் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவனாக இருப்பான். அவனிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதைத் தெருவே நினைவில் வைத்திருக்கும்.

'இது நம்ம எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பாதீர்கள். சாத்தாங்காட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் இந்தப் பதில் அடிக்கடி வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. பதிவது ஸ்டேஷன் அதிகாரியின் வேலை, உங்கள் வேலை அவரிடம் கொண்டுபோய் விடுவது. பாலியல் குற்றம் என்றால் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும், அந்தப் பெண்ணை மேசைக்கு முன்னால் நிற்கவைத்துக் கூட்டத்தில் கேள்வி கேட்காதீர்கள். பணம் ஆன்லைனில் போயிருந்தால் மனு எழுதும் முன்னாலேயே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள், அதில் ஒவ்வொரு நிமிடமும் பணம்.

ரைட்டரோடு நல்ல உறவில் இருங்கள். ஸ்டேஷன் ஓடுவது அவர் மேசையில். வேலை இல்லாத நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜிடி எப்படி எழுதுகிறார், எஃப்ஐஆர் எப்படிக் கணினியில் ஏறுகிறது, சொத்துப் பதிவேடு எப்படி என்று பாருங்கள். பழைய ஏட்டய்யாக்கள் இன்னும் பழைய தண்டனைச் சட்டமான ஐபிசி எண்களில்தான் பேசுவார்கள், 302, 379, 420 என்று. பேப்பரில் புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் எண் வர வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன அட்டவணை பாக்கெட்டில் வையுங்கள், கொலைக்கு 103, திருட்டுக்கு 303, மோசடிக்கு 318 என்பதிலிருந்து தொடங்குங்கள்.

நைட் பீட்டில் பட்டா புத்தகம், அதாவது ரோந்து போகிறவர் கையெழுத்துப் போடும் புத்தகம், வைத்திருக்கும் எல்லா இடத்திலும் நின்று கையெழுத்துப் போடுங்கள், உண்மையான நேரத்தோடு. நாலு இடத்துக்குச் சேர்த்து ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு, கற்றுக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் பூட்டு உடைந்திருந்தால், சிசிடிவியில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், புத்தகத்தில் மட்டும் இருப்பீர்கள்.

7. வெளி டூட்டி: ஸ்டான்லி, கோர்ட், புழல்

வடசென்னைக் காவலருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இன்னொரு ஸ்டேஷன் மாதிரி. விபத்து, அடிதடி எதுவானாலும் அங்கிருந்து தகவல் வரும். நீங்கள் போனால் வாங்கி வர வேண்டியது விபத்துப் பதிவேட்டு நகல், 'ஏஆர் காப்பி' என்பார்கள். அதில் பெயர், காயம், எப்படி நடந்தது என்று காயம்பட்டவர் சொன்னது, மருத்துவர் கையெழுத்து, நேரம் எல்லாம் படிக்கும்படி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

பிரேதப் பரிசோதனைக்கு உங்களை அனுப்பினால் விசாரணை அதிகாரியின் கோரிக்கைக் கடிதம் உட்பட எல்லாப் பேப்பரும் இருக்கிறதா என்று ஸ்டேஷனைவிட்டுக் கிளம்பும் முன் சரிபாருங்கள், ஒன்று குறைந்தாலும் குடும்பம் வாசலில் காத்துக் கிடக்கும். காலையில் சீக்கிரம் போங்கள். உடலை அடையாளம் காட்டும் உறவினர் கூட இருக்க வேண்டும். உள்ளுறுப்பு மாதிரிகள் தந்தால் சீல் உடையாமல், எண்ணிக்கை பார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கி, கொடுக்கும் இடத்திலும் கையெழுத்து வாங்குங்கள். குடும்பத்தாருக்கு இலவச அமரர் ஊர்தி இருப்பதைச் சொல்லுங்கள், 155377-ல் கேட்கலாம். அந்த நேரத்தில் தனியார் வண்டிக்காரர் கேட்கிற தொகையைக் கொடுத்துவிட்டு அழுகிறவர்களை அங்கே அடிக்கடி பார்ப்பீர்கள். ஒரு வார்த்தை போதும், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கோர்ட் டூட்டிக்கு ஜார்ஜ் டவுன், எழும்பூர், திருவொற்றியூர் என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம். சம்மன் கொடுக்கப் போனால் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும். ஆள் இல்லை என்றால் யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள், 'ஆள் இல்லை' என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். ரிமாண்ட் ஆனவரைப் புழல் சிறைக்குக் கொண்டுபோகும்போது வாரண்டில் உள்ள பெயரும் அழைத்துப் போகிற ஆளும் ஒன்றா என்று பாருங்கள், மருத்துவப் பரிசோதனைச் சான்று இருக்கட்டும், வழியில் எங்கேயும் நிறுத்தாதீர்கள். அவர் கெஞ்சினாலும், உறவினர் டீக்கடையில் காத்திருக்கிறார் என்றாலும் நிறுத்தாதீர்கள்.

8. வடசென்னையின் டூட்டிக் காலண்டர்

ஊருக்குப் போகத் தேதி பார்க்கும் முன் இதைப் பாருங்கள். ஆடி மாதம் முழுக்கத் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். விநாயகர் சிலை கரைப்புக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் திருவொற்றியூர் பாப்புலர் எடைமேடையின் பின்புறமும் முக்கிய இடங்கள், அந்த வாரம் லீவு கேட்டுப் பயனில்லை. மாசியில் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் திருவிழா, வடிவுடையம்மனுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் எச்சரிக்கை வந்தால் லீவு ரத்து. லாக்கரில் உலர்ந்த உடை ஒரு செட், ரப்பர் செருப்பு, பவர் பேங்க், ஓஆர்எஸ் பாக்கெட் வையுங்கள்.

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கூட்டம் தொடங்கிவிடும், பிக்பாக்கெட்டும் செல்போன் திருட்டும் அப்போதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கையில் காசு குறையும், வீட்டுச் சண்டை கூடும். அந்த நாட்களில் வருகிற குடும்பப் புகாரைப் பொறுமையாகக் கேளுங்கள்.

9. லீவும் வார ஓய்வும்

காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வுக்கு 2021-ல் அரசாணை வந்தது. பிறந்த நாளுக்கும் திருமண நாளுக்கும் விடுப்புக் கேட்கலாம். நடைமுறையில் ஆள் பலத்தைப் பொறுத்துத்தான், ஆனாலும் உங்கள் ஓய்வு நாள் எது என்று டூட்டி போடும் ஏட்டிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கேட்காதவருக்குத்தான் முதலில் போகும்.

லீவு வாய்ச்சொல்லில் வேண்டாம். 'போயிட்டு வாப்பா' என்று யார் சொன்னாலும் எழுதிக் கொடுத்து, அனுமதி ஆனதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். ஊரில் உடம்பு சரியில்லாமல் போனால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போன் செய்து, அரசு மருத்துவரிடம் மருத்துவச் சான்று வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் இல்லாமல் 21 நாள் வராவிட்டால் 'விட்டோடி' என்று எழுதிவிடுவார்கள். மன அழுத்தத்தில் வீட்டுக்குப் போய்ப் போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்ட நல்ல பையன்கள் அந்த ஒரு சொல்லால் வேலையை இழக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். முடியவில்லை என்றால் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பேட்ச்மேட், ஆய்வாளர், காவலர் மருத்துவமனை மருத்துவர், யாரிடமாவது.

10. அனுமதி வாங்காமல் செய்யக்கூடாதவை

சொத்து வாங்குவது, பாஸ்போர்ட் எடுப்பது, மேற்படிப்பு, வேறு தேர்வு எழுதுவது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். உதவி ஆய்வாளர் தேர்வில் துறையில் இருப்பவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதை நோக்கிப் படியுங்கள். சீருடையில் ரீல்ஸ் போடாதீர்கள். சோதனையின்போது எடுத்த வீடியோ, சம்பவ இடத்துப் போட்டோ, எஃப்ஐஆர் பக்கம் எதையும் நண்பர்கள் குழுவில் போடாதீர்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வெளியே போனால் அதுவே தனிக் குற்றம்.

மெமோ வந்தால் பயப்படாமல் வாங்குங்கள். வாங்க மறுப்பது இன்னொரு குற்றச்சாட்டாக வரும். வாங்கிய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள், குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அதில் ஒழுங்கு நடவடிக்கை விதி 3(ஏ) என்று இருக்கிறதா 3(பி) என்று இருக்கிறதா என்று பாருங்கள், பின்னது பெரிய தண்டனைக்கானது. அனுபவமுள்ளவரைக் கலந்து பேசாமல் அதற்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

11. மெய்த்தன்மைச் சான்றும் தகுதிகாண் பருவமும்

எல்லோரும் கடைசியில் நினைத்துக்கொள்வது இதை. உங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று அரசுத் தேர்வுகள் துறையிடமிருந்து மெய்த்தன்மைச் சான்று வர வேண்டும், சாதிச் சான்றிதழுக்கும் சரிபார்ப்பு உண்டு. இவை வந்தால்தான் பணிவரன்முறை ஆகும், அதன் பிறகுதான் தகுதிகாண் பருவம் முடித்ததாக ஆணை வரும். தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணி என்பது கணக்கு. இடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்த நாட்கள் தள்ளிப்போகும்.

அலுவலகம் தானாக அனுப்பிவிடும் என்று இருக்காதீர்கள். சேர்ந்த சில மாதத்திலேயே அமைச்சுப் பணியாளரைப் பார்த்து, என் சான்றிதழ்கள் மெய்த்தன்மைக்குப் போயிற்றா, கடித எண் என்ன, தேதி என்ன என்று மரியாதையாகக் கேளுங்கள். போகவில்லை என்றால் சான்றொப்பமிட்ட நகல் செட் ஒன்றை அங்கேயே எடுத்துக் கொடுங்கள், அதற்குத்தான் முதல் படியில் இரண்டு செட் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வார ஓய்வு நாளில், அந்தக் கடித எண்ணோடு போய் நிலவரம் கேளுங்கள். சான்று வந்ததும் அது பணிப்பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.